பிளக்கைப் பிடுங்கியும் நிற்காத தண்ணீர்: மொட்டை மாடிக்குப் போன ஒரு வாஷிங் மெஷினின் சொலினாய்டு வால்வு

பின்னணி

மதுரைப் புறநகரில் ஒரு சொந்த வீடு. தரைத்தளம், முதல் தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், கணவனின் அம்மா என்று நான்கு பேர் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். உப்பு அதிகம். குளியலறைக் குழாய்களின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஆறு வருடப் பழைய டாப் லோடு வாஷிங் மெஷின் ஒன்று தரைத்தளத்தின் பின்கட்டில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. துவைத்த துணியைக் காயப்போட இரண்டு மாடி ஏற வேண்டும். ஈரத்துணியோடு படியேறி ஏறி அந்த அம்மாவுக்கு மூட்டுவலி வந்துவிட்டது. அதனால் பிப்ரவரியில் மெஷினை மொட்டை மாடிக்கே கொண்டுபோய், மாடிப்படி அறையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். துவைத்த இடத்திலேயே காயப்போடலாம். நல்ல ஏற்பாடு, பல வீடுகளில் செய்வதுதான்.

தண்ணீர் டேங்க் 500 லிட்டர். மாடிப்படி அறையின் கூரைமேல் இருந்தது. அங்கிருந்து அரை அங்குலக் குழாய் ஒன்றை இறக்கி, அதன் நுனியில் திறந்து மூடும் பைப் ஒன்றை வைத்து, மெஷினின் ஹோஸை மாட்டிவிட்டார்கள்.

மெஷின் இடம் மாறியதைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வீட்டில் நான்கு மாதம் நடந்த அத்தனை செலவுக்கும் வேர் அங்கேதான் இருந்தது. அந்த நான்கு மாதமும் அதை யாரும் கேட்கவில்லை. முதல் தடவை பழுதுபார்க்கப் போனபோது நானும் கேட்கவில்லை.

முதல் அறிகுறிகள்

இடம் மாற்றிய இரண்டு வாரத்தில், ‘தண்ணீர் வரவில்லை’ என்று பொருள்படும் பிழைக்குறி திரையில் வரத் தொடங்கியது. தினமும் அல்ல. காலையில் போட்டால் ஓடும், மாலையில் போட்டால் பாதியில் நின்று சத்தம் கொடுக்கும். பைப்பைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் வந்த மெக்கானிக் ஹோஸைக் கழற்றி, மெஷினுக்குள் தண்ணீரை விடும் வால்வின் வாயில் இருந்த சிறிய பிளாஸ்டிக் சல்லடையை எடுத்துப் பார்த்தார். அதில் உப்பும் மணலும் அடைத்திருந்தன. கழுவி மாட்டியும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ‘இது இருந்தாத்தான் அடைக்குது’ என்று சொல்லி அந்தச் சல்லடையை வெளியே வைத்துவிட்டுப் போனார். அன்று வேகம் கொஞ்சம் கூடியது. வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி.

ஏப்ரலில் வேறொரு தொல்லை வந்தது. இரவு படுக்கும்போது நிறைந்திருந்த டேங்க் காலையில் காலியாகிக் கிடந்தது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது என்று நினைத்து பிளம்பரை அழைத்து அதன் உள்பாகங்களை மாற்றினார்கள். அப்புறமும் டேங்க் காலியானது. ஒரு நாள் காலை அம்மா மெஷினின் மூடியைத் திறந்தபோது டிரம் முழுக்கத் தண்ணீர் நின்றது. முந்தைய நாள் யாரும் மெஷினைப் போடவே இல்லை.

டாப் லோடு மெஷினில் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் வழிந்து வெளியேற தனி வழி இருக்கும். அது டிரெயின் ஹோஸோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் தெரியாது. அதனால்தான் இரவெல்லாம் டேங்க் வடிந்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவதாக வந்தவர், மெஷின் ஓடாதபோதும் தண்ணீர் ஏறுகிறது என்று கேட்டவுடன் மெஷினை இயக்கும் மின்னணுப் போர்டைச் சந்தேகித்தார். அதை அடியோடு தவறு என்று சொல்லமாட்டேன். வால்வுக்குக் கரண்ட் கொடுக்கும் சிறிய மின்னணுச் சுவிட்ச் ஒன்று போர்டில் இருக்கிறது. அது ஷார்ட் ஆகிவிட்டால் வால்வுக்கு இடைவிடாமல் கரண்ட் போகும், தண்ணீரும் நிற்காது. அப்படிப் பழுதான போர்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். 3,800 ரூபாய்க்குப் புதுப் போர்டு மாற்றினார். மறுநாள் காலை டேங்க் மீண்டும் காலி.

முதல் வருகை: மே மாதம், காலை பத்து மணி

என்னை அழைத்தது அந்த வீட்டின் மருமகள். “அண்ணே, போர்டு மாத்தியாச்சு, இன்னும் தண்ணி நிக்கலை. புது மெஷினே வாங்கிறலாமான்னு கேக்குறாரு. நீங்க வந்து பாத்து ஒரு முடிவு சொல்லுங்க” என்றார்.

நான் முதலில் செய்தது மெஷினின் பிளக்கைப் பிடுங்கியதுதான். பைப்பைத் திறந்து வைத்து, மேல்மூடியைத் தூக்கி, சோப்புப் பெட்டிக்குள் பார்த்தேன். பிளக் என் கையில் இருந்தது. தண்ணீர் மெல்லிய இழையாக இறங்கிக்கொண்டே இருந்தது. டிரெயின் ஹோஸை வாளிக்குள் விட்டு வழியவைத்து அளந்தேன். 15 நிமிடத்தில் 13 லிட்டர். இரவு எட்டு மணி நேரம் இப்படி ஓடினால் 400 லிட்டருக்கு மேல் போகும். டேங்க் காலியான கணக்கு அப்போதே சரியாக வந்தது.

கரண்டே இல்லாத மெஷினில் தண்ணீர் ஓடுகிறது என்றால் போர்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது. வால்வு மூடவில்லை. காரணம் வால்வுக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சோதனைக்கு மீட்டர் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களே செய்து பார்க்கலாம். போர்டு மாற்றுவதற்கு முன் செய்திருந்தால் 3,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பிறகு வால்வின் காயிலை, அதாவது அதைத் திறக்கும் செம்புக் கம்பிச் சுற்றை, அளந்தேன். பிளக் வெளியே இருக்கும்போதே கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்ததில் 4.1 கிலோ ஓம் காட்டியது. இந்த வகை 230 வோல்ட் காயில்களில் மூன்றரை முதல் ஐந்து கிலோ ஓம் வரை நான் வழக்கமாகப் பார்க்கும் அளவு. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது, வெந்து ஷார்ட் ஆகியிருந்தால் மிகக் குறைவாகக் காட்டும். இது நல்ல காயில்.

மெஷினை ஓடவிட்டு வால்வுக்கு வரும் கரண்டையும் பார்த்தேன், 226 வோல்ட் வந்தது. நனைந்த இடத்தில், கரண்ட் ஓடும் மெஷினின் முதுகைத் திறந்து அளக்கும் இந்த வேலையை வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். காயிலை அளப்பது பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யும் வேலை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வால்வுக்குள் நடப்பது

அடுத்து நடந்தது புரிய வேண்டும் என்றால் இந்த வால்வு எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டும்.

சொலினாய்டு என்பது செம்புக் கம்பிச் சுற்று ஒன்று, அதன் நடுவே நகரும் இரும்புத்தண்டு ஒன்று, அந்தத் தண்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் ஒன்று. கரண்ட் போனால் சுற்று காந்தமாகி இரும்பை இழுக்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

வாஷிங் மெஷின் வால்வின் காயில் சிறியது. அதன் இழுவை, தண்ணீர் வரும் பெரிய வழியை நேரடியாகத் திறக்கப் போதாது. அதனால் பெரிய வழியை ஒரு ரப்பர் சவ்வு மூடியிருக்கும். அந்தச் சவ்வின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். நடுவில் அதைவிடச் சற்றுப் பெரிய துளை ஒன்று. இரும்புத்தண்டின் நுனியில் உள்ள ரப்பர் அந்த நடுத்துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஓரத்துளை வழியாகத் தண்ணீர் சவ்வின் மேல்பக்க அறைக்குள் போய் நிறைகிறது. குழாயின் அழுத்தம் முழுவதும் அந்த அறையில் நின்று சவ்வைக் கீழே அழுத்துகிறது. வால்வு மூடியிருப்பது அந்த அழுத்தத்தால்தான்.

கரண்ட் வந்ததும் தண்டு மேலே எழும், நடுத்துளை திறக்கும். அறையில் இருந்த தண்ணீர் நடுத்துளை வழியே வடிந்துவிடும். ஓரத்துளை சிறியது, வடிகிற வேகத்துக்கு அதனால் நிரப்ப முடியாது. மேலே அழுத்தம் குறைந்ததும் கீழிருந்து வரும் தண்ணீர் சவ்வைத் தூக்கிப் பெரிய வழியைத் திறக்கிறது.

ஆக, சொலினாய்டு அனுமதி மட்டும் கொடுக்கிறது. கதவைத் தூக்குவதும் தண்ணீர், மறுபடி மூடுவதும் தண்ணீர். ஓரத்துளை அடைத்தால் மேலறை நிறையாது, வால்வு மூடாது. நடுத்துளை அடைத்தால் திறக்காது. இதுவரை எனக்கு நன்றாகத் தெரியும். தள்ளும் தண்ணீரிலேயே பலம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

அன்று செய்த வேலை

பைப்பை மூடி, ஹோஸில் நின்ற தண்ணீரை வாளியில் இறக்கி, வயர்கள் இருந்த இடத்தைப் போனில் படம் எடுத்துவைத்துவிட்டு வால்வைக் கழற்றினேன். பல வால்வுகள் பிரிக்க முடியாதபடி ஒட்டியே வரும், இது பிரிக்கக்கூடிய வகை. சவ்வின் ஓரத்துளையில் உப்புத்துகள் ஒன்று குத்தி நின்றது. இரும்புத்தண்டு நகரும் குழலின் உள்சுவரிலும் வெள்ளைப் படிவு இருந்தது. சல்லடை இல்லாத வால்வுக்குள் இரண்டு மாதம் போர் தண்ணீர் போனால் இதுதான் நடக்கும்.

வினிகரில் ஊறவைத்துக் கழுவினேன். ஓரத்துளையில் ஊசியை விட்டுக் குத்தவில்லை. அந்தத் துளை பெரிதாகிவிட்டால் வடிகிற வேகத்துக்கு மேலறை நிரம்பிவிடும், அப்புறம் வால்வு திறக்கவே திறக்காது. எடுத்துவைத்திருந்த சல்லடையைத் தேடி வாங்கி மறுபடி மாட்டினேன். மெஷினை ஓடவிட்டேன். தண்ணீர் நிறைந்தது, குறித்த அளவில் நின்றது. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. கிளம்பினேன்.

சவ்வின் விளிம்பில் மெல்லிய பள்ளம் ஒன்று விழுந்திருந்ததை அப்போதே பார்த்தேன். ‘தாங்கும்’ என்று நினைத்தேன். அது முதல் தவறு. இரண்டாவது, நான் சோதித்தது காலை பத்து மணி. மோட்டார் போட்டு டேங்க் நிறைந்திருந்த நேரம். மாலையில்தான் பிழை வருகிறது என்று அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே அப்படிச் செய்தேன்.

ஒன்பது நாள் கழித்து

மருமகளிடமிருந்து போன் வந்தது. பழையபடி மாலையில் பிழைக்குறி. முந்தைய இரவு டேங்கும் பாதி வடிந்திருக்கிறது. நான் சரிசெய்தது எதுவுமே நிற்கவில்லை.

அன்று இரவு தம்பியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் லாரி, கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். அவனுக்கும் சொலினாய்டோடுதான் பிழைப்பு. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருப்பது அதுதான். சாவியைத் திருப்பினால் சிறிய கரண்டில் காயில் இழுத்து, உள்ளே இருக்கும் பெரிய செம்புத் தொடுமுனைகளைச் சேர்த்துவிடும். பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வழியாக மோட்டாருக்குப் போகும்.

அவன் சொன்னான்: “செல்ஃப் எடுக்கலைன்னு வண்டி வந்தா எல்லாரும் சொலினாய்டைத்தான் மாத்தச் சொல்றாங்கண்ணே. ‘டிக்’னு சத்தம் வந்தா காயில் இழுத்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் உள்ள தொடுமுனை தேஞ்சிருக்கா, டெர்மினல்ல பாசி பிடிச்சிருக்கா, எர்த் லூஸா, பேட்டரி தாங்குதான்னு பாக்கணும். சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 காட்டும். செல்ஃப் அடிக்கும்போது எட்டுக்கு எறங்கிரும். லோடுல வச்சுப் பாக்காம மீட்டரை வச்சு என்ன பிரயோஜனம்?”

நான் செய்தது அதுதான். சும்மா நிற்கும் பேட்டரியை அளந்ததுபோல, டேங்க் நிறைந்திருந்த நேரத்தில் வால்வைச் சோதித்திருந்தேன். கரண்டுக்கு வோல்ட் எப்படியோ, மேல்டேங்க் தண்ணீருக்கு உயரம் அப்படி. அந்த உயரத்தை நான் அளக்கவே இல்லை.

இரண்டாம் வருகை: மாலை ஐந்து மணி

இந்த முறை வேண்டுமென்றே மாலையில் போனேன். மோட்டார் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். டேங்க்கில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை.

டேப்பை வைத்து அளந்தேன். மொட்டை மாடித் தளத்திலிருந்து டேங்கின் அடி 2.5 மீட்டர். மெஷினின் வால்வு 0.95 மீட்டர். டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருந்தால் வால்வுக்கு மேலே இருக்கும் தண்ணீர் உயரம் 1.55 மீட்டர்தான். முழுக்க நிறைந்திருந்தாலும் சுமார் 2.4 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கொடுக்கும் என்பது பிளம்பர்களுக்குத் தெரிந்த கணக்கு. அப்படியானால் இங்கே கிடைப்பது 0.15 முதல் 0.24 பார் வரை.

மெஷினோடு வந்த புத்தகத்தை மகள் தேடி எடுத்துக்கொடுத்தாள். குறைந்தபட்ச நீரழுத்தம் 0.03 மெகாபாஸ்கல் என்று அச்சிட்டிருந்தது. அது 0.3 பார், அதாவது மூன்று மீட்டர் உயரத் தண்ணீர். டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தாலும் இந்த இடத்தில் அது கிடைக்காது. தரைத்தளத்தில் இருந்தபோது இரண்டு மாடி உயரமும் சேர்ந்து எட்டு மீட்டர் தாராளமாகக் கிடைத்தது. ஆறு வருடம் பழுதில்லாமல் ஓடியது அதனால்தான்.

வாளிக் கணக்கும் எடுத்தேன். மாலையில் வால்வு வழியாக நிமிடத்துக்கு 1.6 லிட்டர் வந்தது. மறுநாள் காலை டேங்க் நிறைந்ததும் அவர்களையே அளக்கச் சொன்னேன், 3.1 லிட்டர். அவர்கள் போடும் அளவுத் துணிக்கு 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். காலையில் கால் மணி நேரத்தில் நிறைந்துவிடும். மாலையில் 28 நிமிடம் ஆகும். இந்த மாடல் சுமார் 20 நிமிடம்தான் பொறுக்கும், பிறகு பிழைக்குறி காட்டிவிடும். காலையில் ஓடி மாலையில் நின்ற புதிர் இதோடு தீர்ந்தது.

இரவுக் கசிவுக்கும் காரணம் இங்கேதான் இருந்தது. சவ்வை அழுத்தி மூடவேண்டிய தண்ணீரிலேயே பலம் இல்லை. நல்ல அழுத்தம் இருந்திருந்தால் சிறு தூசியும் விளிம்பில் விழுந்த மெல்லிய பள்ளமும் அந்த அழுத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும். ஒன்றரை மீட்டர்த் தண்ணீருக்கு அந்த வலு கிடையாது. சவ்வு உட்கார்ந்ததும் உட்காராததுமாக இருக்க, ஓரமாகக் கசிந்துகொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் சங்கிலி தெளிவாகத் தெரிந்தது. மெஷின் மேலே போனது, அழுத்தம் குறைந்தது. தண்ணீர் மெதுவாக வந்ததால் சல்லடையை எடுத்தார்கள். சல்லடை இல்லாததால் துகள் உள்ளே போய் ஓரத்துளையை அடைத்தது, வால்வு மூடவில்லை. வால்வு மூடாததால் போர்டு மாறியது. நான் வந்து கடைசிக் கண்ணியை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் போனேன்.

என்ன செய்யலாம் என்று பேசியது

கணவன், மனைவி, அம்மா மூவரையும் உட்காரவைத்துப் பேசினேன். முதல் வழி, மெஷினைக் கீழேயே கொண்டுபோவது. செலவில்லாதது, உறுதியானதும்கூட. ஆனால் அம்மாவின் மூட்டுவலிக்காகத்தான் மேலே வந்தது. அந்த அம்மா “நான் ஏறிக்கிறேன்ப்பா” என்றார். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை. மெஷினுக்காக மனுசி படியேறக் கூடாது.

இரண்டாவது, டேங்க்கை உயர்த்துவது. குறையாமல் ஒன்றரை மீட்டராவது தூக்கினால்தான் டேங்க் காலியாகும் நேரத்திலும் மூன்று மீட்டர் கிடைக்கும். 500 லிட்டர் டேங்க் நிறைந்தால் அரை டன். அதை ஸ்டாண்ட் போட்டு மாடிப்படி அறையின் கூரைமேல் நிறுத்த, அந்தக் கூரை தாங்குமா என்று பொறியாளர் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த வால்வுகள் கடையில் கிடைக்கின்றன. என் கையில் கிடைத்ததில் குறைந்தபட்சம் 0.2 பார் என்று போட்டிருந்தது. மாலையில் இங்கே அதுவும் இல்லை. காலையில் வேலை செய்து மாலையில் கைவிடும் இன்னொரு பொருளை வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியது சிறிய பிரஷர் பம்ப். டேங்க்கிலிருந்து மெஷினுக்கு வரும் குழாயில் மட்டும் வைப்பது. குழாயில் அழுத்தம் இறங்கினால் தானே ஓடி, ஏறினால் தானே நிற்கும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து ஓடும் வகையும் உண்டு. ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் அவற்றில் சில கிளம்புவதே இல்லை, இங்கே பிரச்சினையே ஓட்டம் குறைவு என்பதுதான். பம்பை டேங்க்கிலிருந்து வரும் குழாயில்தான் வைக்க வேண்டும். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது.

வால்வையும் முழுதாக மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம். பள்ளம் விழுந்த சவ்வை மறுபடி நம்ப நான் தயாராக இல்லை.

மாற்றிய விதம்

வால்வு வாங்கும்போது பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனேன். பார்க்க ஒன்றுபோல இருக்கும் வால்வுகள் உள்ளே வேறாக இருக்கும். காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், வெளியேறும் வழிகள் ஒன்றா இரண்டா, அவை திரும்பும் கோணம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, கனெக்டரின் வடிவம் எல்லாம் பொருந்த வேண்டும். வோல்ட் மாறினால் நிலைமை மோசமாகும். 12 வோல்ட் காயிலை 230-ல் கொடுத்தால் அந்த நொடியே வெந்துபோகும். 550 ரூபாய்க்கு அதே வகை வால்வு கிடைத்தது. புது வால்வோடு வந்த சல்லடையை அப்படியே விட்டேன். அதற்கு முன்னால், ஹோஸ் மாட்டும் இடத்தில், கழற்றிக் கழுவக்கூடிய வெளி ஃபில்டர் ஒன்றையும் சேர்த்தேன்.

பம்பை மாடிப்படி அறையின் அடியில், மழை படாத இடத்தில் வைத்தோம். டேங்க் காலியானால் பம்ப் தண்ணீரில்லாமல் ஓடி வெந்துவிடும், அதனால் டேங்க்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். கொட்டகையில் ஈரம் எப்போதும் இருக்கும் என்பதால் எர்த் வயரைச் சோதித்து, அந்த லைனுக்குக் கசிவுக் கரண்டைப் பார்த்து அணைக்கும் பிரேக்கரையும் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டச் சொன்னேன். பம்ப் 4,800 ரூபாய். குழாய், ஃபில்டர், ஃப்ளோட், பிரேக்கர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 3,000 ஆனது. என் இரண்டாம் வருகைக்குக் கூலி வாங்கவில்லை. முதல் தடவையே முடித்திருக்க வேண்டிய வேலை அது.

தொடர்ந்து நடந்தது

பம்ப் வைத்தபின், தண்ணீர் நின்ற நிலையில் குழாயில் 1.2 பார் காட்டியது. வால்வு வழியே நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வந்தது. 45 லிட்டர் ஆறு நிமிடத்துக்குள் நிறைந்தது. காயில் விட்டதும் வால்வு ‘டப்’பென்று மூடியது. முன்பு அந்தச் சத்தமே கேட்டதில்லை என்றார் மருமகள். பிளக்கைப் பிடுங்கி, பைப்பைத் திறந்துவைத்து, இரவு முழுக்க அப்படியே விடச் சொன்னேன். காலையில் டிரம் உலர்ந்து கிடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு போன் வந்தது. இரவில் யாரும் தண்ணீர் எடுக்காதபோதே அவ்வப்போது பம்ப் சில நொடி ஓடி நிற்கிறதாம். வால்வுதான் மறுபடி கசிகிறதோ என்று பயந்துகொண்டே போனேன். டிரம் உலர்ந்தே இருந்தது. ஹோஸின் பைப் பக்க வாஷர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய அழுத்தத்தில் தெரியாத ஒழுகல் புது அழுத்தத்தில் தெரிந்திருக்கிறது. வாஷரை மாற்றியதும் நின்றது. அதோடு, துவைத்து முடித்ததும் பைப்பை மூடிவிடும் வழக்கத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

கழற்றிவைத்திருந்த பழைய போர்டை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது பிழைக்குறி ஒரு தடவைதான் வந்ததாம். வெளி ஃபில்டரை இரண்டு மாதம் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். கழுவியதும் சரியாகிவிட்டது. மாதம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார் அந்த அம்மா.

இப்போது நான் மாற்றிச் செய்வது

போனிலேயே இரண்டு கேள்வி கேட்கிறேன். மெஷின் இடம் மாறியதா? எந்த நேரத்தில் தகராறு செய்கிறது? இந்த வீட்டில் இரண்டுக்கும் விடை முதல் நாளே கிடைத்திருக்கும், நான் கேட்டிருந்தால். கிளம்புவதற்கு முன்பே போனில் பிளக் சோதனையும் செய்யச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கியபின் தண்ணீர் நின்றால் போர்டையும் வயரையும் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் வால்வு, அழுத்தம் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். வரும்போது எந்தப் பொருளை எடுத்துவர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சொன்ன நேரத்தில்தான் போகிறேன். மாலையில் வரும் கோளாறை மாலையில் பார்ப்பேன், டேங்க்கை நிரப்பவிடாமல்.

சல்லடையை எடுத்துவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் அந்த நேரத்துக்குச் சந்தோஷப்படுவார், நமக்கும் வேலை சீக்கிரம் முடியும். அதை எடுத்தால் இரண்டு மாதத்தில் வால்வு போகும். என்னோடு வேலை பழகும் பையன்களிடம், சல்லடை அடைத்திருந்தால் கழுவு, கிழிந்திருந்தால் புதிது போடு, ஒருபோதும் எடுக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வால்வைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். சவ்வில் பள்ளமோ விறைப்போ கொஞ்சம் தெரிந்தாலும் புது வால்வுதான். பழையதைக் காப்பாற்ற ஆகும் நேரமும் இரண்டாம் பயணமும் 550 ரூபாயைத் தாண்டிவிடுகின்றன. வேறு வால்வு கிடைக்காத பழைய மாடலாக இருந்தால் மட்டும் வினிகரில் போட்டுப் பார்க்கிறேன்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் பையில் இப்போது ஐந்து மீட்டர் டேப்பும், லிட்டர் கோடு போட்ட வாளியும் இருக்கின்றன. மொட்டை மாடியில் மெஷின் என்று கேட்டால் முதலில் டேப்பைத்தான் எடுக்கிறேன்.